வலது காலில் ஒன்று, இடது காலில் ஒன்று

வறண்ட சருமத்துக்கு மலிவான பூச்சைச் சோதித்துத் தேர்ந்தெடுக்கும் முறை

சருமப் பூச்சுகள் அடுக்கியிருக்கும் கடைத்தட்டில் ஐம்பது ரூபாய் டப்பாவும் ஆயிரம் ரூபாய்ப் புட்டியும் ஒரே வாக்குறுதியைத்தான் தருகின்றன: வறட்சி போகும், தோல் மென்மையாகும். இரண்டில் எது உங்களுக்குச் சரிப்படும் என்று விலைச்சீட்டு சொல்லாது. விளம்பரத்தில் வரும் நடிகைக்கும் தெரியாது. அதைச் சொல்லக்கூடியது உங்கள் முழங்காலுக்குக் கீழே இருக்கும் தோல்தான். அதைச் சோதித்துப் பதில் பெறும் வழியை இந்த அத்தியாயம் சொல்கிறது.

அடிப்படையான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். வறண்ட தோலுக்கு எதைப் பூசுகிறோம் என்பது எவ்வளவு முக்கியமோ, எவ்வளவு பூசுகிறோம், எப்போது பூசுகிறோம் என்பதும் அவ்வளவு முக்கியம். விலை அதிகமான கிரீமைத் தீர்ந்துவிடுமே என்று பொட்டுப் பொட்டாகத் தொட்டுப் பூசுகிறவரைவிட, மலிவானதைக் கை நிறைய எடுத்துப் பூசுகிறவருக்கே பலன் அதிகம். ஆகவே நாம் தேடுவது உலகத்திலேயே சிறந்த கிரீமை அல்ல. தினமும் மனசு கணக்குப் பார்க்காமல் பூசக்கூடிய விலையில், காலையில் பூசினால் மாலை வரை தாங்கும் ஒன்றைத் தேடுகிறோம்.

முதலில், அது வறட்சிதானா?

நகத்தால் முன்னங்காலில் லேசாக ஒரு கோடு இழுங்கள். வெள்ளைக் கோடு பளிச்சென்று விழுந்தால் மேல்தோலில் ஈரம் குறைந்திருக்கிறது. மாநிறத்திலும் கறுத்த தோலிலும் கால் சாம்பல் பூத்தாற்போல் தெரிவதும் இதனால்தான். குளித்துத் துடைத்தபின் தோல் இறுக்கிப் பிடிப்பது, கையால் தடவினால் சொரசொரப்பது, மாலையில் கெண்டைக்கால் அரிப்பது எல்லாம் வறட்சியின் அடையாளங்கள்.

ஆனால் அரிக்கும் தோல் எல்லாம் வறண்ட தோல் அல்ல. வட்ட வட்டமாக ஓரம் தடித்துச் சிவந்து பரவினால் அது படர்தாமரையாக இருக்கலாம். அதற்கு மாய்ஸ்சரைசர் மருந்தாகாது. இரவில் அரிப்பு கூடி, விரலிடுக்கில் சின்னச் சின்னப் பொரிகள் வந்து, வீட்டில் இன்னொருவருக்கும் அரித்தால் சிரங்காக இருக்கக்கூடும். முழங்கை, முழங்கால் முட்டிகளில் தடித்த வெள்ளைச் செதில் உதிர்ந்தால் காளாஞ்சகப்படையா என்று பார்க்க வேண்டும். உடல் முழுவதும் திடீரென்று வறண்டு, கூடவே களைப்பும் எடை ஏற்றமும் இருந்தால் தைராய்டு சோதனை தேவைப்படலாம். சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு ஆகியவையும் தோலை வறட்டும். பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினாயின் போன்ற சில மாத்திரைகளும் அப்படியே. இவற்றில் எதுவானாலும் முதலில் மருத்துவரைப் பாருங்கள், கிரீம் சோதனையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

பூச்சு என்ன வேலை செய்கிறது?

நம் தோலின் மிக மேல் அடுக்கு காகிதத்தைவிட மெல்லியது. அதில் இருப்பவை இறந்த செல்கள். அவற்றின் இடைவெளிகளைச் செரமைட், கொலஸ்டிரால், கொழுப்பு அமிலங்கள் ஆகிய கொழுப்புகள் நிரப்பியிருக்கின்றன. செல்களுக்குள் தண்ணீரைப் பிடித்து வைக்க அமினோ அமிலங்கள், யூரியா, லாக்டிக் அமிலத்தின் உப்பு போன்றவை உண்டு. சோப்பு, வெந்நீர், குளிர்காற்று, ஏ.சி., வயது எல்லாம் இந்தக் கொழுப்பையும் ஈரம் பிடிக்கும் பொருள்களையும் குறைக்கின்றன. உள்ளிருக்கும் நீர் ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும்.

ஈரம் காக்கும் பூச்சுகளில் மூன்று வகைப் பொருள்கள் உண்டு. கிளிசரின், யூரியா, ஹையலுரானிக் அமிலம் ஆகியவை தண்ணீரை ஈர்த்துப் பிடிப்பவை. ஷியா பட்டர், தாவர எண்ணெய்கள், சீட்டைல் ஆல்கஹால் போன்றவை செதில்களுக்கு நடுவே புகுந்து தோலை வழவழப்பாக்குபவை. பெட்ரோலியம் ஜெல்லி, லிக்விட் பாரஃபின், டைமெத்திகோன் ஆகியவை பாத்திரத்துக்கு மூடி போட்டதுபோல மேலே படிந்து நீர் ஆவியாகாமல் தடுப்பவை. நல்ல பூச்சில் இந்த மூன்றில் இரண்டு வகையாவது இருக்கும். இந்தப் பொருள்களில் பெரும்பாலானவை விலை குறைந்தவை. அதிக விலைக்கான காரணம் பல நேரங்களில் வாசனை, புட்டி, விளம்பரம், பூசியதும் பிசுபிசுக்காத தன்மை ஆகியவற்றில்தான் இருக்கிறது.

கிரீமுக்கு முன் குளியல்

குளியலறையில் தோலின் கொழுப்பைக் கழுவி விட்டுவிட்டு வெளியே வந்து கிரீம் தேடுவது வீண்செலவு. எனவே சோதனை தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்னால் குளியலைச் சரிசெய்யுங்கள். செலவில்லாத இந்த வேலையிலேயே சிலருக்குப் பாதி வறட்சி போய்விடும்.

கொதிக்கக் கொதிக்க வெந்நீர் வேண்டாம், வெதுவெதுப்பு போதும். பத்து நிமிடத்துக்குள் முடியுங்கள். சோப்பை அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகிய இடங்களுக்கு மட்டும் போடுங்கள். கைக்கும் காலுக்கும் நாள்தோறும் சோப்பு தேவையில்லை. நார் வைத்துத் தேய்ப்பதை நிறுத்துங்கள்.

சோப்பு வாங்கும்போது உறையைத் திருப்பிப் பாருங்கள். இந்தியத் தர விதிப்படி டி.எஃப்.எம். எனப்படும் மொத்தக் கொழுப்பு 76 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் அது முதல் தர டாய்லெட் சோப்பு. 'பாத்திங் பார்' என்று போட்டிருந்தால் அந்த அளவு அதைவிடக் குறைவாக இருக்கலாம். இந்த எண் கூடினால் சோப்பில் நிரப்புப் பொருள் குறைவு என்று பொருள், அவ்வளவுதான். முதல் தரச் சோப்பும் காரத்தன்மை உள்ளதே. தோலின் பி.எச். 5-ஐ ஒட்டியிருக்க, சாதாரணச் சோப்பின் பி.எச். 9 முதல் 10 வரை இருக்கும். மிகவும் வறண்ட தோலுக்குச் சின்டெட் பார் எனப்படும் சோப்பில்லாத கட்டி ஏற்றது. அதன் பொருள் பட்டியலின் தொடக்கத்தில் 'சோடியம் பாமேட்' இருக்காது. 'சோடியம் கோகாயில் ஐசெதியோனேட்' போன்ற பெயர் இருக்கும்.

போர் தண்ணீரில் குளிப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியம் சோப்போடு சேர்ந்து கரையாத படிவமாகித் தோலில் தங்கும். நுரை வராமல் நாம் மேலும் சோப்பைத் தேய்ப்போம். கடைசியாக ஒரு குவளை நல்ல தண்ணீரில் கைகால்களை அலசுவது உதவும்.

கடலை மாவு, பயத்தமாவு, சீயக்காய் மூன்றும் எண்ணெயை உறிஞ்சி எடுப்பவை. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் உடம்புக்கும் சீயக்காய் போட்டு உரசினால் தேய்த்த எண்ணெயெல்லாம் சாக்கடைக்குப் போய்விடும். வறண்ட தோலுக்கு எண்ணெய் உதவ வேண்டுமானால் குளித்து முடித்து, ஈரம் முழுதும் காயுமுன் சில சொட்டுத் தடவுவதே சரி.

கடைத்தட்டில் எவற்றை எடுக்கலாம்?

*பெட்ரோலியம் ஜெல்லி.* அமெரிக்காவின் பென்சில்வேனியா எண்ணெய்க் கிணறுகளில் பம்புக் கம்பிகளில் படிந்த மெழுகுக் கசடிலிருந்து ராபர்ட் செஸ்பரோ உருவாக்கி, 1872-ல் காப்புரிமை பெற்றது. இத்தனை ஆண்டுகள் கழிந்தும் நீர் ஆவியாவதைத் தடுப்பதில் இதை மிஞ்சும் பொருள் கிடைப்பது அரிது. நன்றாகச் சுத்திகரிக்கப்பட்ட வெள்ளை ஜெல்லி ஒவ்வாமை ஏற்படுத்துவதும் அரிது. குதிகால், உதடு, முழங்கை, பாத்திரம் தேய்த்துக் காய்ந்த கை ஆகியவற்றுக்கு இரவில் இதுவே முதல் தேர்வு. குறை என்னவென்றால் பிசுபிசுப்பு. சென்னையிலோ தூத்துக்குடியிலோ கோடைப் பகலில் உடம்பெல்லாம் பூசிக்கொண்டு பேருந்தில் போக முடியாது. தானாக ஈரம் தராது என்பதால் நனைந்த தோலின்மேல் பூச வேண்டும்.

*லிக்விட் பாரஃபின்.* மருந்துக் கடையில் இந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் கிடைக்கும். நிறமும் மணமும் இல்லாத எண்ணெய். குழந்தைகளுக்கென்று விற்கும் பல 'பேபி ஆயில்'களின் அடிப்படைப் பொருள் இதுதான், கூடவே வாசனை சேர்ந்திருக்கும். ஜெல்லியைவிட இலகுவாகப் பரவும். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கும்போது மூச்சுக்குழலுக்குள் போனால் நுரையீரலுக்கு ஆபத்து.

*தேங்காயெண்ணெய்.* பிலிப்பைன்ஸில் நடந்து 2004-ல் வெளியான ஓர் ஆய்வில், வறண்ட தோல் கொண்ட 34 பேரில் ஒரு பகுதியினர் தூய தேங்காயெண்ணெயும் மற்றவர்கள் மினரல் ஆயிலும் இரண்டு வாரம் பூசினார்கள். இரண்டும் சமமாகப் பலன் தந்தன. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பொருள் என்பது கூடுதல் வசதி. வாசனை சேர்த்த தலைமுடி எண்ணெயைத் தோலுக்கு எடுக்க வேண்டாம். பரு வரும் முகத்துக்கும் இது ஆகாது, துளைகளை அடைக்கும். 'எண்ணெய்தானே, எதுவானாலும் ஒன்றுதான்' என்றும் நினைக்க வேண்டாம். ஆலிவ் எண்ணெய் தோலின் காப்பு அடுக்கைப் பலவீனப்படுத்துவதாகவும், சூரியகாந்தி எண்ணெய் அப்படிச் செய்வதில்லை என்றும் பிரிட்டனின் ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல் காட்டினார்கள். கடுகெண்ணெய் எரிச்சலூட்டக்கூடியது.

*கிளிசரின்.* விலை மிகக் குறைவு, வேலை அதிகம். ஆனால் அப்படியே பூசினால் ஒட்டும், காய்ந்த காற்றில் தோலின் ஈரத்தையே இழுக்கவும் கூடும். ஒரு பங்கு கிளிசரினுக்கு மூன்று பங்கு கொதித்து ஆறிய தண்ணீர் கலந்து பூசி, அதன்மேல் சிறிது எண்ணெயோ ஜெல்லியோ தடவுங்கள். கிருமி வளராமல் காக்கும் பொருள் இதில் இல்லாததால் அன்றன்றைக்குக் கலப்பதே நல்லது. பன்னீர் கலக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. கல்யாண வாசலில் தெளிக்கும் பன்னீர் செயற்கை வாசனைத் தண்ணீராக இருக்கலாம், அதை முகத்துக்குக் கொண்டுபோக வேண்டாம்.

*பாடி லோஷனும் கோல்டு கிரீமும்.* லோஷனில் தண்ணீர் அதிகம், எளிதில் பரவும், பகலுக்கு ஏற்றது. கோல்டு கிரீமில் எண்ணெய்ப் பங்கு அதிகம், கெட்டியாக இருக்கும். ஊட்டி, கொடைக்கானல், ஓசூர்ப் பக்கத்து மார்கழி, தை மாதங்களுக்குக் கிரீமும், கடலோர ஊர்களுக்கு லோஷனும் என்று தொடங்கலாம். நாள் முழுக்க ஏ.சி. அறையில் வேலை செய்பவர் சென்னையில் இருந்தாலும் ஓசூர்க்காரர் கணக்கில்தான் சேர்வார்.

*யூரியா கிரீம்.* உரக்கடை யூரியா அல்ல, மருந்துக் கடையில் கிரீமாகவே கிடைப்பது. 10 சதவீதம் வரை உள்ளது ஈரம் பிடிக்கும். 20 சதவீதத்துக்கு மேற்பட்டது தடித்த தோலைக் கரைத்து மெலிதாக்கும். மீன் செதில்போல் உரியும் முன்னங்காலுக்கும் பித்தவெடிப்புக்கும் நன்றாக வேலை செய்யும். இரத்தம் கசியும் வெடிப்பில் பட்டால் எரியும். முகத்துக்கும் கைக்குழந்தைக்கும் மருத்துவர் சொன்னாலன்றி வேண்டாம்.

*செரமைட் கிரீம்.* கரப்பான் வரும் தோலுக்கு உதவக்கூடியது, விலையும் அதிகம். மேலே சொன்னவை போதவில்லை என்றால் மட்டும் கடைசியில் சோதிக்க வேண்டிய வகை இது.

லேபிளைப் படிக்க ஒரு நிமிடம்

முன்பக்கத்தில் குங்குமப்பூ, பாதாம், கற்றாழை என்று படம் போட்டிருப்பதைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பின்பக்கம் திருப்புங்கள். பொருள்களை அதிக அளவிலிருந்து குறைந்த அளவு நோக்கி வரிசையாக எழுதுவார்கள். ஒரு சதவீதத்துக்குக் கீழ் உள்ளவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம். முதல் ஐந்தாறு பெயர்களுக்குள் கிளிசரின், பெட்ரோலேட்டம், மினரல் ஆயில், ஷியா பட்டர் போன்றவை வந்தால் அந்தப் பூச்சுக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்கலாம். கடைசி வரியில் ஒட்டிக்கொண்டிருக்கும் பாதாம் எண்ணெய் பெயருக்குத்தான் இருக்கிறது.

'ஆல்கஹால்' என்ற சொல்லைக் கண்டு பயப்பட வேண்டாம். சீட்டைல், ஸ்டியரில், சீட்டோஸ்டியரில் என்ற அடைமொழியோடு வருபவை மெழுகுத்தன்மை கொண்டவை, தோலை மென்மையாக்குபவை. 'ஆல்கஹால் டீனாட்' என்பதுதான் உலர்த்துவது. 'பர்ஃப்யூம்' அல்லது 'ஃப்ரேக்ரன்ஸ்' என்று இருந்தால், எளிதில் அரிக்கும் தோல் உள்ளவர்கள் வாசனையில்லாததைத் தேடுவது நல்லது. மூடி திறந்த டப்பாப் படத்துக்குள் '12 எம்' என்று இருந்தால், திறந்து 12 மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று பொருள்.

அடுத்து விலை. 'எவ்வளவு ரூபாய்' என்று பார்க்காமல் 'கிராமுக்கு எவ்வளவு' என்று பாருங்கள். எம்.ஆர்.பி. பக்கத்திலேயே ஒரு கிராமுக்கோ ஒரு மில்லிக்கோ ஆகும் விலையை இப்போது அச்சிடுகிறார்கள். இல்லாவிட்டால் கைப்பேசியில் வகுத்துக்கொள்ளுங்கள். பெரிய புட்டிதான் மலிவு என்று முடிவு கட்டிவிடவும் வேண்டாம். சில நேரம் சின்ன பாக்கெட் கிராமுக்குக் குறைவாக விழும்.

மாதத்துக்கு எவ்வளவு வேண்டும்?

பூச்சு மருந்துகளுக்கு மருத்துவர்கள் சொல்லும் ஓர் அளவு உண்டு. டியூபிலிருந்து ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் ரேகை வரை ஒரு கோடாகப் பிதுக்கினால் அது சுமார் அரை கிராம். விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை பரப்புள்ள தோலுக்கு அது போதும். பாதத்தோடு ஒரு காலுக்கு 8 விரல்நுனி, கையோடு ஒரு புஜத்துக்கு 4 விரல்நுனி ஆகும். இரண்டு காலுக்கு 8 கிராம், இரண்டு கைக்கு 4 கிராம், ஆக ஒரு வேளைக்கு 12 கிராம். ஈரப்பூச்சுக்கு இதற்குக் குறையக்கூடாது.

இந்தக் கணக்கில் 100 கிராம் டியூப் எட்டு நாளில் தீரும். உங்கள் வீட்டு டியூப் இரண்டு மாதம் வருகிறதென்றால், அது வேலை செய்யவில்லை என்று குறைசொல்லும் முன் அளவைக் கூட்டிப் பாருங்கள். ஒரு வேளை வீதம் மாதத்துக்கு 360 கிராம். கிராம் ஒரு ரூபாய் என்றால் 360 ரூபாய், கிராம் ஐந்து ரூபாய் என்றால் 1,800 ரூபாய். மலிவான பூச்சின் உண்மையான பலம் இங்கேதான் தெரிகிறது. ஜெல்லியும் எண்ணெயும் இன்னும் மெலிதாகப் பரவுவதால் அவற்றுக்கு இந்த அளவில் பாதிகூடப் போதுமானதாக இருக்கும்.

இரு கால் சோதனை

முன்னங்காலில் எண்ணெய்ச் சுரப்பிகள் மிகக் குறைவு. அதனால் உடலிலேயே முதலில் வறளும் இடங்களில் அதுவும் ஒன்று. ஒரே ஆளின் இரண்டு கால்களும் ஒரே தண்ணீரில் குளித்து, ஒரே வெயிலில் நடந்து, ஒரே காற்றில் தூங்குகின்றன. இரண்டு பூச்சுகளை ஒப்பிட இதைவிட நல்ல இடம் கிடையாது. பூச்சைச் சில வாரம் காலில் தடவி, பிறகு நிறுத்தி, வறட்சி எவ்வளவு சீக்கிரம் திரும்புகிறது என்று பார்க்கும் முறையை அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் 1978-ல் விளக்கி எழுதினார். நாம் வீட்டில் செய்யப்போவது அதன் எளிய வடிவம்.

1. இரண்டே பூச்சுகளைத் தேர்ந்தெடுங்கள். இருப்பதில் சிறிய அளவை வாங்குங்கள். ஒன்று மிக மலிவானதாக இருக்கட்டும்.

2. முழங்கையின் உட்புறம் ஒரு ரூபாய் நாணய அளவு இடத்தில் ஒவ்வொன்றையும் காலையும் மாலையும் ஒரு வாரம் பூசிப் பாருங்கள். வலக்கையில் ஒன்று, இடக்கையில் ஒன்று. சிவந்தாலோ தடித்தாலோ அரித்தாலோ அந்தப் பூச்சை விலக்கிவிடுங்கள். 'முதலில் அப்படித்தான் இருக்கும்' என்று தொடர வேண்டாம்.

3. வீட்டில் இன்னொருவரிடம் கொடுத்து, இரண்டையும் கழுவிக் காயவைத்த ஒரே மாதிரி டப்பாக்களில் மாற்றி, 'வலது', 'இடது' என்று மட்டும் எழுதச் சொல்லுங்கள். எது எந்த விலை என்று தெரியாமல் இருந்தால் மனம் ஒரு பக்கம் சாயாது.

4. குளித்ததும் துண்டால் ஒற்றியெடுத்து, தோலில் ஈரம் இருக்கும்போதே, மூன்று நிமிடத்துக்குள் பூசுங்கள். முடி வளரும் திசையில் மேலிருந்து கீழாகத் தடவுங்கள். எதிர்த்திசையில் தேய்த்தால் மயிர்க்கால் அடைத்துக் கொப்புளம் வரலாம். இரண்டு காலுக்கும் ஒரே நேரம், லோஷனும் லோஷனுமானால் ஒரே அளவு.

5. இப்படி இரண்டு வாரம் செய்யுங்கள். மேல்தோல் அடுக்கு புதுப்பிக்கப்படவே ஏறக்குறைய அவ்வளவு காலம் ஆகும். நடுவில் சோப்பையோ வேறு எதையுமோ மாற்றாதீர்கள்.

6. மாலை ஆறு மணி வாக்கில் மூன்று கேள்விகளுக்கு மதிப்பெண் போடுங்கள். நகக்கோடு வெள்ளையாக விழுகிறதா? தடவினால் சொரசொரப்பு உண்டா? அரித்ததா? இல்லை என்றால் 0, லேசாக என்றால் 1, நன்றாகவே என்றால் 2. காலண்டர் தாளின் பின்புறமே போதும், 'வ' என்றும் 'இ' என்றும் இரண்டு பத்தி.

7. பிறகு இரண்டையும் நான்கு நாள் நிறுத்துங்கள். எந்தக் காலில் வெள்ளைக் கோடு முதலில் திரும்புகிறது என்று குறியுங்கள். பின்னால் திரும்பும் காலுக்குரிய பூச்சு மேல்.

முடிவெடுப்பது எளிது. இரண்டும் சமமென்றால் மலிவானதை வைத்துக்கொள்ளுங்கள். விலை கூடியது வென்றால், மாதச் செலவுக் கணக்கைப் போட்டு, அந்த வித்தியாசத்துக்கு அது தகுமா என்று பாருங்கள். பகலுக்கு மலிவான லோஷன், இரவுக்கு மேலே மெல்லிய ஜெல்லி என்று சேர்த்தாலே விலை கூடிய கிரீமுக்கு இணையாக வரும் தோல்கள் உண்டு. இரண்டுமே தோற்றால் ஒரு படி கெட்டியான வகைக்குப் போங்கள்: லோஷனிலிருந்து கிரீம், கிரீமிலிருந்து ஜெல்லி. செதில் தடிப்பாக இருந்தால் யூரியா.

முகம், கை, குதிகால்

காலில் வென்ற பூச்சு முகத்துக்கும் சரிப்படும் என்று சொல்ல முடியாது. முகத்துக்கு எண்ணெய் குறைந்த, வாசனையில்லாத, 'நான்-காமெடோஜெனிக்' என்று குறித்த லோஷனைத் தாடை ஓரத்தில் ஒரு வாரம் சோதித்துவிட்டுப் பூசுங்கள். உதட்டை நாக்கால் நனைக்க நனைக்க மேலும் காயும், ஜெல்லி போதும்.

பாத்திரம் தேய்க்கும், துணி துவைக்கும் கைகளுக்கு ஒவ்வொரு முறை கழுவியபின்னும் பூச வேண்டும். அதனால் ஒரு சிறு டப்பா சமையலறைத் தொட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

பித்தவெடிப்புக்கு இரவில் பாதத்தை வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, ஒற்றியெடுத்து, யூரியா கிரீமோ ஜெல்லியோ பூசிப் பருத்திக் காலுறை போட்டுத் தூங்குங்கள். பிளேடால் சீவாதீர்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஊறவைப்பதைத் தவிர்த்துவிட்டு, விரலிடுக்கில் படாமல் பூச்சை மட்டும் பூசுங்கள். காலில் புண்ணோ ஆழமான வெடிப்போ இருந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

மலிவாகக் கிடைத்தாலும் தொடக்கூடாதவை

சில நாளில் தோலை வழவழப்பாகவும் வெளுப்பாகவும் ஆக்கும் கிரீம், பெயர் தெரியாத உறையில், தயாரிப்பு உரிம எண்ணும் பொருள் பட்டியலும் இல்லாமல் வந்தால் வாங்காதீர்கள். அதில் பாதரசமோ ஸ்டீராய்டோ இருக்கலாம். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் இப்படிப்பட்ட வெளுப்பூட்டும் கிரீம்களைப் பூசியவர்களுக்குச் சிறுநீரகப் பாதிப்பு வந்ததை 2023-ல் மருத்துவர்கள் கண்டறிந்தார்கள்.

படைக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் டியூப் மருந்துகளை மாய்ஸ்சரைசராகப் பூசும் பழக்கமும் ஆபத்து. பட்டியலில் பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால், மொமெட்டசோன் என்ற பெயர்கள் இருந்தால் அது ஸ்டீராய்டு. தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, முகம் சிவந்து, நிறுத்தினால் எரியும். 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கேட்டது என்பதற்காக நீங்களும் கேட்டு வாங்காதீர்கள்.

எலுமிச்சையைத் தோலில் தேய்ப்பதை விட்டுவிடுங்கள். அதன் சாறு பட்ட இடத்தில் வெயில் பட்டால் கொப்புளித்துக் கறுக்கக்கூடும்.

தீ விஷயத்திலும் கவனம் வேண்டும். ஜெல்லி, பாரஃபின், எண்ணெய் ஆகியவை ஊறிய துணி எளிதில் பற்றிக்கொள்ளும். பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-ல் இதைப் பற்றி வெளிப்படையாக எச்சரித்தது. பூசிய கையோடு கேஸ் அடுப்பின் முன்னும் சாமி விளக்கின் முன்னும் நிற்காதீர்கள். நைட்டி, போர்வை, தலையணை உறைகளை அடிக்கடி துவைத்து மாற்றுங்கள். துவைத்தாலும் எண்ணெய் முழுவதும் போய்விடாது என்பதை நினைவில் வையுங்கள்.

சரியான குளியலோடு, போதுமான அளவு பூசி நான்கு வாரம் ஆகியும் அரிப்பு தூக்கத்தைக் கெடுத்தால், தோல் வெடித்து நீர் வடிந்தால், சிவப்பு பரவினால் தோல் மருத்துவரிடம் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு உண்டு. நீங்கள் எழுதிய மதிப்பெண் தாளையும் பயன்படுத்திய டப்பாக்களையும் கொண்டுபோனால், எதெல்லாம் முயன்றாயிற்று என்று மருத்துவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்காது.

தேர்ந்தெடுத்த பிறகு

மார்கழியில் வென்ற கிரீம் சித்திரையில் வியர்க்குருவைத் தரலாம். அதனால் வருஷத்துக்கு இரண்டு முறை, பனி தொடங்கும்போதும் வெயில் ஏறும்போதும், பூச்சை மாற்ற வேண்டுமா என்று நகக்கோடு போட்டுப் பாருங்கள். ஊர் மாறினாலும், வேலை ஏ.சி. அறைக்கு மாறினாலும், அறுபது வயதைத் தாண்டினாலும் சோதனையை மறுபடி செய்வது பயன் தரும். கிராம் விலை குறைவாக இருந்தால் பெரிய டப்பாவாக வாங்கி, திறந்த தேதியை மூடிமேல் எழுதி ஒட்டுங்கள். எத்தனை நாளில் தீர்கிறது என்பது, நீங்கள் போதுமான அளவு பூசுகிறீர்களா என்பதற்கு நேரான சாட்சி. டப்பாவை அலமாரிக்குள் வைக்காமல், குளியலறைக்கு வெளியே துண்டு தொங்கும் இடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். துடைத்த கை அப்படியே எட்டும் தூரத்தில் இருந்தால்தான் அந்த மூன்று நிமிடத்துக்குள் பூசுவீர்கள்.